உரமும் சாணமும் மழையோடு போனால்: சித்தூர் – பொள்ளாச்சி எல்லைக் கிராமங்களுக்கான கேள்வி பதில்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்த் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி பக்கம் இருப்பவர்களும், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஆனைமலை, கோபாலபுரம், பொள்ளாச்சி பக்கம் இருப்பவர்களும் உரத்தையும் தண்ணீரையும் பற்றி அடிக்கடி கேட்பவை இவை. கேட்பவர்களில் பெரும்பாலானோர் தென்னை, நெல், மாடு என்று வைத்திருப்பவர்கள். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே விஷயம் இருக்கிறது. உரத்தை எவ்வளவு போட்டோம் என்பதோடு, போட்ட பிறகு வரும் முதல் பெரிய மழை தோட்டத்தை விட்டு வெளியே போகிறதா, உள்ளேயே நிற்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கிணறும் ஆறும் கெடுவதும் பிழைப்பதும் அதில்தான் இருக்கிறது.

மண்ணுல போட்ட உரம் ஆத்துக்கு எப்படிங்க போகும்?

தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு வழியில் போகும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேறு வழியில் போகும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல பேர் தடுப்பு வேலை செய்தும் பலன் இல்லாமல் போகிறது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஈரம் பட்டதும் கரைந்துவிடும். கரைந்த யூரியாவை மண் பிடித்து வைக்காது. மண்ணிலுள்ள நொதி அதை அம்மோனியமாக மாற்ற இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். அம்மோனியத்தை மண் ஓரளவு பிடித்துக்கொள்ளும். பிறகு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி மாறிவிடும். நைட்ரேட்டுக்கும் களிமண் துகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம், அதனால் ஒட்டாது. வேர் எடுத்தால் உண்டு. எடுக்காதது தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். ஆக, யூரியா போட்டவருக்குக் கவலையான நேரம் இரண்டு. முதல் சில நாளில் வரும் மழை அதை மேலோடு அடித்து வாய்க்காலுக்குக் கொண்டுபோகும். சில வாரம் கழித்து வரும் பெருமழை நைட்ரேட்டைக் கீழே இறக்கிக் கிணற்றுக்குக் கொண்டுபோகும்.

மணிச்சத்தின் கதை வேறு. டிஏபி, சூப்பர் பாஸ்பேட், காம்ப்ளக்ஸ் என்று எந்த உரத்தில் வந்தாலும் அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு உள்ள கரிசலில் கால்சியம் பிடித்துக்கொள்ளும். அது வெளியே போவது பெரும்பாலும் மண்ணோடு சேர்ந்துதான். மழை நாளில் உங்கள் தோட்டத்து மூலையிலிருந்து காவி நிறத்தில் தண்ணீர் ஓடினால் மணிச்சத்தும் அதோடு ஓடுகிறது. மண் அரிப்பை நிறுத்தினால் இந்த வழியில் பெரும்பகுதி நின்றுவிடும். வருடக்கணக்கில் தேவைக்கு மேல் கொட்டிய நிலமானால், மண்ணுக்குப் பிடிக்க இடமில்லாமல் மணிச்சத்தும் கரைந்தே போக ஆரம்பிக்கும். கோழி எரு அதிகம் விழுந்த தோட்டங்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்க தோட்டத்துத் தண்ணி கடைசியா எங்க போய்ச் சேருது?

ஆனைமலைக் குன்றுகளில் பிறக்கும் ஆழியாறு ஆனைமலை, அம்பராம்பாளையம் வழியாக வருகிறது. பொள்ளாச்சி நகருக்குக் குடிநீர் எடுப்பது அம்பராம்பாளையத்தில். காரப்பட்டி, பள்ளிவிளங்கால், அரியாபுரம், பெரியணை, வடக்கலூர் வாய்க்கால்களின் பழைய ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், முழுக்க நெல்லும் தென்னையும். அந்த வயல்களின் வடிகால் திரும்ப ஆற்றில்தான் விழுகிறது. மணக்கடவு அணைக்கட்டைத் தாண்டினால் கேரளம். பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி (1970-இல் கையெழுத்தானது) வருடத்துக்கு 7.25 டிஎம்சி இங்கேதான் அளந்து கொடுக்கப்படுகிறது. அடுத்து, ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடும் மூலத்தரை ரெகுலேட்டர். அதன் இரு கரைக் கால்வாய்களும் கம்பாலத்தரை, வெங்கலக்கயம் ஏரிகளும் சித்தூர்ப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தருகின்றன. ஆறு சித்தூர்ப் புழையாகி, பறளியில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகி, பொன்னானியில் கடலில் விழுகிறது. வழியெங்கும் அதிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் அளவு பற்றித்தான் பேச்சு. எத்தனை டிஎம்சி வந்தது என்று இரண்டு மாநிலமும் வருடா வருடம் கணக்குப் பார்க்கின்றன. அந்தத் தண்ணீரில் என்ன கரைந்து வருகிறது என்பதும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டும் என்பது என் ஆசை. இங்கே நாம் மேலேயும் இருக்கிறோம், கீழேயும் இருக்கிறோம். ஆனைமலைக்காரருக்குக் கீழே கொழிஞ்சாம்பாறைக்காரர், அவருக்குக் கீழே ஒற்றப்பாலத்துக்காரர்.

ஒரு மூட்டையில கொஞ்சம் போனா என்ன பெரிசா ஆகிடும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இப்போதைய யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து சுமார் 20.7 கிலோ. பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ சொச்சம், பயிருக்குக் கிடைக்காமல் நைட்ரேட்டாகி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தழைச்சத்து நைட்ரேட்டாகும்போது ஆக்சிஜன் சேர்வதால் எடை சுமார் 4.4 மடங்காகும், ஆக 9 கிலோ நைட்ரேட். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 45 மில்லிகிராம். அப்படியானால் அந்த 9 கிலோ, இரண்டு லட்சம் லிட்டர் சுத்தமான தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவரும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 16 அடி தண்ணீர் நின்றால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 1.4 லட்சம் லிட்டர். ஒரு மூட்டையில் பத்தில் ஒரு பங்கு ஒரு முழுக் கிணற்றுக்குப் போதும், மிச்சமும் இருக்கும்.

உண்மையில் மொத்தமும் ஒரே கிணற்றில் போய் விழாது. ஆனால் மூட்டையும் ஒன்றோடு நிற்பதில்லை.

நைட்ரேட் உடம்புக்கு என்ன செய்யும்?

பெரியவர்களுக்கு உடனே எதுவும் தெரியாது. நிறமில்லை, வாசமில்லை, ருசியில் வித்தியாசமில்லை. ஆபத்து ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு, அதிலும் பால் பவுடரைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் குழந்தைக்கு. வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. உதடும் நகமும் நீலம் பாயும், மூச்சு வாங்கும், குழந்தை சோர்ந்து போகும். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்டர் காம்லி 1945-இல்தான் இதற்கும் பண்ணைக் கிணறுகளுக்கும் உள்ள தொடர்பை எழுதினார். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம், நம்முடையது 45. இந்த 45-க்கு மேல் எந்தத் தளர்வும் இல்லை என்று நம் தர நிர்ணயம் சொல்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் வேண்டாம். மற்றக் குழந்தைக்கு, கிணற்றைச் சோதித்துப் பார்க்கும் வரை வேறு நல்ல தண்ணீரில் பால் கரையுங்கள். இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொதிக்க வெச்சா சரியாகிடுங்களா?

நைட்ரேட்டுக்கு ஆகாது. கொதித்தால் தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் பாத்திரத்திலேயே நிற்கும். செறிவு கூடத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடரும் அதைத் தொடாது, துணியில் வடிகட்டுவதும் தொடாது. ஆர்ஓ இயந்திரம் அதைப் பிரித்தெடுக்கும்.

சாணத்திலிருந்து வரும் கிருமிக்கு விஷயம் நேர்மாறு. அதற்குக் கொதிக்க வைப்பது நல்ல வழி. கிணற்றுக்குக் குளோரின் போடுவதும் நல்லது: 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், வெள்ளம் புகுந்த கிணறானால் 5 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

நாங்க சாணி எரு மட்டும்தான் போடறோம். அதுவும் கெடுக்குமா?

கெடுக்கும். இதைச் சொன்னால் இயற்கை விவசாயம் செய்பவர்கள் மனம் வருந்துகிறார்கள். அவர்கள் செய்யும் வேலை மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் தழைச்சத்து எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று தண்ணீருக்குத் தெரியாது. நன்கு மக்கிய தொழுவுரத்தில் சுமார் அரை சதவீதம் தழைச்சத்து, டன்னுக்கு 5 கிலோ. ஹெக்டேருக்கு 12.5 டன் என்ற வழக்கமான அளவில் 62 கிலோ வருகிறது. அது மெதுவாகத்தான் வெளிவரும், மண்ணுக்கும் உடம்பு கொடுக்கும், மழைநீரை உறிஞ்சி வைக்கும்; அந்த வகையில் மக்கிய எரு உண்மையிலேயே நல்லது. தொல்லை வருவது மக்காத சாணத்திலும் மாட்டு மூத்திரத்திலும்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு மாடு. பால் சொசைட்டியை நம்பித்தான் பல குடும்பங்கள் ஓடுகின்றன. ஒரு சாதாரணக் கட்டுத்தரையை நின்று பாருங்கள். காலையில் சாணியை வழித்துப் பக்கத்திலேயே குவிப்பார்கள். பிறகு ஓஸ் பைப்பைப் பிடித்துத் தரையைக் கழுவுவார்கள். மூத்திரமும் சாணிக் கரைசலும் சேர்ந்து பழுப்பு நிறத்தில், நுரையோடு, தரையின் சரிவில் இறங்கி, வாழை நட்ட மூலையில் தேங்கும். அங்கே மண் எப்போதும் கறுத்து ஈரமாக இருக்கும், வாழை தடித்து நிற்கும். அந்த வாழைக்குப் பின்னால் பல வீடுகளில் கிணறு. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது, சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதியும் அதில்தான். காசு கொடுத்து வாங்கும் உரத்துக்குச் சமமான சரக்கு, தினமும், ஒரே இடத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பழைய எருக்குழிக்கு அருகிலுள்ள கிணறுகளில் நைட்ரேட்டும் கிருமியும் ஒன்றாக ஏறும்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. எருக்குழியைக் கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் வைக்காதீர்கள். கேரளக் கட்டட விதிகளில் கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 7.5 மீட்டர் வேண்டும். எருக்குழிக்கு அதில் இரட்டிப்பாவது விடுங்கள் என்பேன். குழியைச் சுற்றி ஒரு முழ உயரம் கரை கட்டி, மழைக்காலத்தில் மேலே தென்னங்கீற்றோ தார்ப்பாயோ போடுங்கள். மழை படாத எருவிலிருந்து சத்து ஓடாது. அடுத்த வருடம் அதே குழியிலிருந்து அள்ளும்போது எருவின் தரமும் வேறாக இருக்கும். கழுவும் தண்ணீரை ஒரு சிமென்ட் வாய்க்காலில் சேர்த்துத் தீவனப் புல்லுக்கு விடுங்கள். கோ–4, கோ–5 கம்பு நேப்பியர் புல் அதை வாரிக் குடிக்கும், மாட்டுக்கே திரும்பும்.

சாண எரிவாயுக் கலன் வெச்சிட்டா பிரச்சினை தீர்ந்ததா?

கிருமி குறையும், வாசம் குறையும், அடுப்பு எரியும். தழைச்சத்து குறையாது. கலனுக்குள் கார்பன்தான் வாயுவாகப் போகிறது. வெளியே வரும் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கும், எளிதில் கரையும் அம்மோனிய வடிவில் கூடுதலாகவே இருக்கும். அதை வாய்க்காலில் விடாமல் பயிருக்குக் கொடுங்கள்.

கோழி எரு வாங்கலாமா?

வாங்கலாம், அளவோடு. பல்லடம், பொள்ளாச்சிப் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளிலிருந்து லாரியில் வந்து இறங்கும் எருவில் தழைச்சத்து 3 சதவீதம் அளவுக்கு இருக்கும், தொழுவுரத்தைப் போல் ஆறு மடங்கு. மணிச்சத்தும் ஏறக்குறைய அதே அளவுக்கு நெருங்கி இருக்கும். சிக்கல் அங்கேதான். பயிர் தழைச்சத்தை நிறையவும் மணிச்சத்தைக் கொஞ்சமும் எடுக்கும். தழைச்சத்துத் தேவையைக் கோழி எருவாலேயே நிரப்பினால் மணிச்சத்து வருடா வருடம் மண்ணில் மிஞ்சிச் சேரும். கோழி எரு போட்ட வருடம் டிஏபி, காம்ப்ளக்ஸைத் தொடாதீர்கள். இறக்கிய குவியலைச் சாலையோரப் பள்ளத்தில் மழையில் விட்டு வைக்கவும் கூடாது. லாரி எங்கே நிற்குமோ அங்கே கொட்டிவிட்டு, ஆள் கிடைக்கும் வரை காத்திருப்பது நடக்கிற காரியம்தான். அந்தக் காத்திருப்பில் ஒரு மழை வந்தால் போதும்.

குட்டைத் தண்ணி பச்சையாகிடுச்சு, விடியக்காலம் மீன் செத்து மிதக்குது. யாராச்சும் மருந்து கலந்திருப்பாங்களா?

மருந்தாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் பாசியைச் சந்தேகியுங்கள். ஏரி, குட்டை போன்ற நன்னீரில் பாசியைக் கட்டுப்படுத்தி வைப்பது பெரும்பாலும் மணிச்சத்தின் பற்றாக்குறைதான். மழையோடு மண்ணும் எருவும் வந்து சேர்ந்தால் அந்தப் பூட்டு திறந்துவிடும். பகலில் பாசி ஆக்சிஜனை விடும். இரவில் பாசியும் மூச்சு விடும், அடியில் செத்து மக்கும் பாசியைத் தின்னும் நுண்ணுயிரும் மூச்சு விடும். ஆக்சிஜன் குறைந்துகொண்டே போய் விடியலுக்கு முன்னால் அடிமட்டத்தைத் தொடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தண்ணீரின் மேல்தட்டில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தேடுவது. மேகம் மூடிய நாளுக்கு அடுத்த விடியலில் இது மோசமாகும், ஏனென்றால் முந்தைய பகலில் வெயில் இல்லாமல் ஆக்சிஜன் உற்பத்தியே குறைந்திருக்கும். மருந்து கலந்தால் நேரம் காலம் பார்க்காமல் சாகும். விடியலில் செத்து, பெரிய மீன் முதலில் போயிருந்தால் ஆக்சிஜன் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீலப்பச்சைப் பாசியில் சில வகை நச்சும் உண்டாக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரித் தண்ணீரில் இந்த நச்சு கலந்து, சுமார் 5 லட்சம் பேர் மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். அந்த ஏரிக்குள் மணிச்சத்து வந்ததற்குப் பெரிய காரணம் சுற்றியுள்ள பண்ணை நிலங்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது. பெயிண்ட் ஊற்றியது போல் பச்சை ஏடு படிந்த குட்டையில் மாட்டைத் தண்ணீர் காட்ட விடாதீர்கள்.

ஆகாயத்தாமரையை வாரிப் போட்டா ஏரி சுத்தமாகுமா?

வாரியதைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்தால் ஆகாது. அழுகி, சத்து முழுக்க அடுத்த மழையில் திரும்ப இறங்கும். தள்ளி எடுத்துப் போய் மக்க வைத்தால் சத்தும் வெளியேறும், எருவும் கிடைக்கும். ஆனால் ஏரிக்குள் வரும் வாய்க்காலில் சத்து வந்துகொண்டே இருக்கும் வரை அது திரும்ப வரும். மீன்கரை போல் குடிநீருக்கு எடுக்கும் அணைகளைச் சுற்றி இருப்பவர்கள் வாரும் வேலையோடு நிற்காமல், மேலே எந்தத் தோட்டத்தின் வடிகால் அதில் விழுகிறது என்று நடந்து பார்க்க வேண்டும்.

தென்னைக்கு ஆனி, ஆடியில உரம் வைக்கச் சொல்றாங்க. அப்பத்தானே மழையும் வருது?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் மிக அதிகமான உரம் தண்ணீரோடு போவது இந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி காய்க்கும் நெட்டை மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். ஜூன்–ஜூலை, டிசம்பர்–ஜனவரி என்று இரண்டாகப் பிரித்து. ஏக்கருக்கு 70 மரம் என்றால் யூரியா மட்டும் இரண்டு மூட்டை. மண்ணில் ஈரம் இருந்தால்தான் வேர் எடுக்கும் என்பதால்தான் மழைக்கால மாதம் சொல்லப்படுகிறது. கொட்டும் மழையில் வைக்கச் சொல்லவில்லை.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்கு மழை நம் பக்கம் ஒரே சீராகப் பெய்வதில்லை. சில நாள் சாரல், சில நாள் வெறும் காற்று, நடுவில் ஒருநாள் கொட்டும். முதல் இரண்டு மழை மண்ணை நனைத்த பிறகு வரும் வெறித்த நாட்களைப் பிடியுங்கள். அடுத்த மூன்று நான்கு நாளுக்குப் பெருமழை எச்சரிக்கை இல்லை என்று பார்த்துவிட்டு வையுங்கள். ஆள் கிடைத்த நாளில் வைப்பது என்ற வழக்கம்தான் இங்கே தடை. கூலி ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வானிலை பார்த்து வைக்க முடியாதவர்கள் வைக்கும் முறையிலாவது தப்பிக்கலாம். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, உரத்தை அதில் பரவலாகத் தூவி, கொத்தி மண்ணோடு கலந்து, ஓரத்தை மண்வெட்டியால் ஏற்றிவிடுங்கள். மேலே காய்ந்த மட்டையோ உரிமட்டையோ போட்டால் மழை அடியில் மண் கரையாது. பாத்தி இல்லாமல் தூரோடு ஒட்டி வீசிப்போன உரத்தை ஒரு மழை கழித்துப் போய்ப் பாருங்கள். வெள்ளைக் குருணை ஒன்றுகூட இருக்காது, மண் வழிந்த கோடு மட்டும் வரிசைக்கு நடுவே ஓடி வாய்க்கால் வரைக்கும் போயிருக்கும்.

சொட்டுநீர் போட்டவர்கள் யூரியாவையும் பொட்டாஷையும் கரைத்துச் சிறு சிறு தவணையாகக் கொடுக்கலாம். ஒரே நாளில் மொத்தத்தையும் மழையின் கையில் கொடுக்கும் அவசியமே இல்லை.

நெல் வயல்ல என்ன பண்ணணும்?

மேலுரம் போட்ட பிறகு ஒரு வாரத்துக்கு மடையைத் திறக்காதீர்கள். போட்ட முதல் சில நாள்தான் வயல் தண்ணீரில் தழைச்சத்து உச்சத்தில் இருக்கும். அப்போது வடித்தால் உரம் அடுத்தவர் வயலுக்கோ ஆற்றுக்கோ போகிறது. சரியான முறை: முதலில் வயலைச் சேறு நிலைக்கு வடித்து, யூரியா தூவி, ஒரு நாள் விட்டு, பிறகு தண்ணீர் கட்டுவது. வரப்பில் நண்டு வளை, எலி வளை இருந்தால் முந்தின நாளே அடைத்துவிடுங்கள். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பச்சை போதுமான அளவில் இருந்தால் அந்தத் தவணையைத் தள்ளிப்போடலாம். அட்டைக்குக் கிருஷி பவனில் (கேரள வேளாண் அலுவலகம்) கேளுங்கள்.

எங்களுது கரிசல் மண். தண்ணி நிக்கும், அப்ப ஓடாதில்ல?

கேரளத்தில் கரிசல் என்று சொல்லும்படி இருப்பது சித்தூர்த் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பக்கத்தில்தான். ஈரமான கரிசலில் தண்ணீர் மெதுவாக இறங்கும் என்பது சரி. காய்ந்த கரிசலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழும். கோடை உரத்தை வெடிப்பு நிலத்தில் வீசினால், முதல் மழை அந்த வெடிப்பு வழியாக மண்ணைத் தொடாமலே கீழே கொண்டுபோய்விடும். அடியில் பாறை, அதன் மேல் உளுத்த பாறை மண். நம் கிணறுகள் அதில்தான் ஊறுகின்றன. ஒரு மழை பெய்து வெடிப்பு மூடிய பிறகு உரம் வையுங்கள். ஏற்கெனவே நிலத்தடி நீர் அதிகம் உறிஞ்சப்படும் பிளாக் இது. கலந்த நைட்ரேட்டை நீர்த்துப்போகச் செய்ய அடியில் தண்ணீரும் குறைவு. ஏறினால் இறங்க வருடங்கள் ஆகும்.

இப்ப எல்லா யூரியாவும் வேப்பம்பூச்சு போட்டுத்தானே வருது?

ஆம், 2015 முதல். அது அம்மோனியத்திலிருந்து நைட்ரேட் உருவாவதைத் தாமதப்படுத்தும், அதனால் கீழே இறங்குவது குறையும். முதல் நாள் மழையில் குருணை கரைந்து ஓடுவதை அது தடுக்காது.

ஓரத்துல புல் விட்டா போதும்னு சொல்றாங்களே?

போதாது, ஆனால் நன்றாக உதவும். வடிகால் ஓரம் சில அடி அகலத்துக்கு வெட்டிவேரோ கொழுக்கட்டைப்புல்லோ தீவனப்புல்லோ அடர்த்தியாக நின்றால், ஓடிவரும் தண்ணீர் வேகம் குறைந்து மண்ணை அங்கேயே படிய விடும், மணிச்சத்தும் அங்கே நின்றுவிடும். கரைந்த நைட்ரேட்டில் ஒரு பங்கைத்தான் வேர் பிடிக்கும். புல்லை அறுத்து மாட்டுக்குப் போட்டால்தான் சேர்ந்த சத்து அங்கிருந்து வெளியேறும். அறுக்காமல் விட்டால் சில வருடத்தில் அந்த ஓரமே நிரம்பிவிடும். தண்ணீர் ஒரே இடத்தில் சால் பறித்து ஓடும் தோட்டத்தில் புல் வரிசையால் பயன் இல்லை. முதலில் அந்த ஓடைப் பள்ளத்தைக் கல் வைத்து அடைத்து, தண்ணீரைப் பரப்பிவிட வேண்டும்.

பள்ளத்துல செவப்பா, தேயிலைத் தண்ணி மாதிரி வருதே, அது உரமா?

பெரும்பாலும் இல்லை. தென்னைநார் ஆலைகளில் மட்டையும் நார்த்தூளும் ஊறி வரும் சாயமும் உப்பும் அது. அதுவும் கிணற்றைக் கெடுக்கும், ஆனால் காரணமும் தீர்வும் வேறு. நார்க்கழிவைத் திறந்த மேட்டில் மழையில் விடாதிருப்பதுதான் வழி.

ஃபாக்டரிக்காரங்க சும்மா குடுக்குற உரத்தை வாங்கலாமா?

சோதனை அறிக்கை இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடைக் குளிர்பான ஆலை 2000-இல் தொடங்கியது. அதன் கழிவுச் சேறு உரம் என்று சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் காரீயமும் காட்மியமும் இருப்பது 2003-இல் வெளியே வந்தது. ஆலை 2004-இல் நின்றது. காட்மியம் தண்ணீரோடு ஓடி முடிகிற விஷயமில்லை, மண்ணில் தங்கி நெல்லிலும் கீரையிலும் ஏறும்.

கிணத்துத் தண்ணியை எங்க, எப்ப பரிசோதிக்கிறது?

கேரளப் பக்கம் வாட்டர் அத்தாரிட்டியின் ஆய்வகம், தமிழ்நாட்டுப் பக்கம் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம். வருடத்தில் ஒரு முறைதான் முடியும் என்றால் மழை தொடங்கிச் சில வாரம் ஆனபின் எடுங்கள். கோடையில் எடுத்த நல்ல அறிக்கை மழைக்காலத்துக்குச் செல்லாது. சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிரப்பி, குளிர்ச்சியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் தருவார்கள். அதை அலசக் கூடாது. நைட்ரேட்டும், சாணக் கலப்பைக் காட்டும் கிருமியான ஈ-கோலையும் இரண்டும் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். அறிக்கையில் நைட்ரேட் என்று போட்டிருக்கிறார்களா, நைட்ரஜன் என்று போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்: நைட்ரேட்டாக 45 என்பதும் நைட்ரஜனாக 10 என்பதும் ஒரே அளவு. நைட்ரஜன் 12 என்று வந்த அறிக்கையை 45-க்குக் கீழே இருக்கிறது என்று மடித்து வைத்துவிட்டால் வீட்டிலுள்ள குழந்தைக்குத்தான் கெடுதல்.

உரத்தைக் குறைச்சா மகசூல் போயிடுமே?

குறைக்கச் சொல்வது பயிர் எடுக்காத பங்கை மட்டும். மண் பரிசோதனை செய்தால் பல தோட்டங்களில் மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்று வரும். அப்படி வந்தால் அந்த வருடம் சூப்பரோ டிஏபியோ வாங்கும் காசு மிச்சம், காயும் குறையாது. 2015 முதல் கொடுக்கும் மண்வள அட்டை பல வீட்டில் பீரோவில்தான் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு கிருஷி பவனுக்கோ வேளாண் விரிவாக்க மையத்துக்கோ போய், ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மேட்டுத் தோட்டக்காரர் அண்ணன்தான், ஆனா அவர் வடிகால் எங்க கிணத்துப் பக்கம் வருது. எப்படிச் சொல்றது?

புகாரில் ஆரம்பிக்காதீர்கள். இரண்டு பேர் கிணற்றுத் தண்ணீரையும் ஒரே நாளில் சோதனைக்குக் கொடுங்கள். அவர் வீட்டுக் கிணறும் பெரும்பாலும் அதே நிலையில்தான் இருக்கும், அப்போது பேச்சு தானாக வரும். பிறகு மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் வரப்பில் நடந்து தண்ணீர் எந்த மூலையில் வெளியேறுகிறது என்று பாருங்கள். அந்த மூலையில் ஒரு சின்னக் குழி வெட்டி மண்ணைப் படியவிட்டு, மீதித் தண்ணீரைப் புல் வழியாக விட்டால் இருவருக்கும் நன்மை. குழியில் படிந்த மண்ணைக் கோடையில் அள்ளி அவர் தோட்டத்துக்கே போட்டுக்கொள்ளலாம். குழிக்கும் கரைக்கும் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வேலை எடுக்க முடியுமா என்று பஞ்சாயத்து மெம்பரிடம் கேளுங்கள். நெல் வயலாக இருந்தால் பாடசேகர சமிதி (நெல் விவசாயிகள் குழு) கூட்டத்தில், மேலுரம் போடும் வாரத்தில் யாரும் மடை திறப்பதில்லை என்று முடிவெடுத்து, நடவுக்கு முன்னாலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.